தீட்டிக் கொடுத்த கத்தி

தம்பிஐயாவின் மடியில் எப்போதும் ஒரு வில்லுக்கத்தி கிடக்கும். மகன் பஞ்சலிங்கம் ஜேர்மனிக்குப் போய் அகதியாகப் பதிந்து, வேலை கிடைத்த கையோடு ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. கொம்புப் பிடி. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும், விரித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே மனிசன் வெட்ட ஒன்றும் இல்லாத நேரத்திலும் விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருப்பார்.

"ஜேர்மன் உருக்கு" என்பார். "உங்கடை சந்தைக் கத்தியள் மாதிரி இல்லை. இதைத் தீட்டத் தேவையே இல்லை."

பண்டத்தரிப்பில் ஒரு புகையிலைத் தோட்டக்காரன் கத்தியால் என்னத்தை வெட்டுவான்? பாக்குச் சீவுவான், வாழையிலை அரிவான், ஆட்டுக் கயிறு அறுப்பான், தை மாசி போனால் புகையிலை வெட்டுவான். இதற்கு ஜேர்மன் உருக்கு எதற்கு என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டவன் அன்றைக்கு வேலைக்குப் போனமாதிரித்தான்.

ஆள் ஒருவரையும் நம்பமாட்டார். கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசை நம்பமாட்டார். வைத்தியர் தருகிற குளிசையை நம்பமாட்டார். மழை வரும் என்று றேடியோ சொன்னால் அன்றைக்குத்தான் புகையிலையை வெயிலில் போடுவார். அவர் நம்பியது இரண்டைத்தான். ஒன்று அந்தக் கத்தி. மற்றது தன் மூளை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் கடற்கரை மயிலிட்டிச் சனம் ஷெல்லடிக்குப் பயந்து உடுத்த உடுப்போடு எழும்பி வந்தது. அப்படி வந்தவர்களில் சிமியோன் என்ற கடற்றொழிலாளியும் அவன் மனைவி இராசாத்தியும் தம்பிஐயாவின் வளவுக்குள் இருந்த கொட்டிலுக்கு வந்தார்கள். அவர் மனமிரங்கிக் கொடுத்ததென்று நினைக்கவேண்டாம். அவர் வாய் திறக்க முதல் மனைவி கனகாம்பிகை "இருங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

சிமியோனிடமும் ஒரு மடக்குக்கத்தி இருந்தது. பின்னேரமானால் கிணற்றடிக்கு வந்து, அங்கே கிடந்த கல்லில் தண்ணீர் தெளித்து அதைத் தேய்ப்பான்.

"உதென்ன சிமியோன், ஒவ்வொரு நாளும் கத்தியோடை மல்லுக்கட்டுறாய்? உருக்கு நல்லதெண்டால் ஏன் தேய்ப்பான்?"

"எந்த உருக்கெண்டாலும் வெட்டினால் மழுங்கும் அண்ணை. இது கோயில் பெருநாள் கடையிலை வாங்கினது. தகரத்திலும் பாக்கக் கொஞ்சம் திறம், அவ்வளவுதான். ஆனால் பொழுதுபட நாலு இழுவை இழுத்துவிட்டால் விடிய வெட்டும். எனக்கு அது காணும்."

"காணும் காணுமெண்டு இருந்துதான் உங்கடை ஆக்கள் இப்பிடி இருக்கிறியள்."

சிமியோன் கோபிக்கவில்லை. அலகின் கூரைப் பெருவிரலில் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஓம் அண்ணை. உங்கடை தீட்டாத கத்தி. என்ரை தீட்டின கத்தி. ரெண்டும் வாழையிலையைத்தானே வெட்டுது."

கனகாம்பிகை கிணற்றடியில் நின்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு தம்பிஐயாவுக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாரி போய்ப் புகையிலை வெட்டுக் காலம் வந்தது. புகையிலை வெட்டினவர்களுக்குத் தெரியும், தண்டோடு சேர்த்து இலையை வெட்ட வெட்ட அலகில் ஒரு கறுத்த பிசின் ஏறும். தண்ணீருக்குப் போகாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால்தான் போகும். தடையால் ஒரு சாமானும் வராத அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? போத்தல் விளக்குக்கே சொட்டுச் சொட்டாய் விட்டுக் கொளுத்திய காலம். தம்பிஐயா தன் மூளையைப் பாவித்தார். தோட்டத்தால் வந்ததும் அடுப்புத் தணலுக்குள் அலகை வைத்தார். பிசின் பொரிந்து சாம்பலானது. சாக்குத் துண்டால் ஒரு துடை, போய்விட்டது.

இரண்டு மூன்று தரம் சுட்டபிறகு அலகில் ஒரு நீலம் ஏறியது. மயிலின் கழுத்து மாதிரி ஒரு நீலம்.

"பாத்தியே கனகம்! நல்ல உருக்கெண்டால் நெருப்பிலை நிறம் குடுக்கும்."

"ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. தானே நினைத்து, தானே நம்பினார். அதன்பிறகு நீலத்தைக் காட்டுவதற்காகவே முருகேசுவின் தோட்ட வரம்பு வரைக்கும் போய்க் கத்தியை விரித்தார். முருகேசு பக்கத்துத் தோட்டக்காரன், வாய்க்காரன். "மாலை போட்டுக் கும்பிடுங்கோ அண்ணை" என்றான்.

பிறகு அளவெட்டியில் ஒரு செத்தவீடு வந்தது. தம்பிஐயா வேட்டி மாற்றிக்கொண்டு போனபோது கத்தி பழைய சாரத்து மடியோடு கொடியில் தங்கிவிட்டது. அன்றைக்கென்று பார்த்துச் சிமியோனுக்குக் வேலிக்கு ஓலைக் கிடுகு கட்டுகிற கூலிவேலை ஒன்று வந்தது. அவன் கத்தியை இராசாத்தியின் தமையன் கொண்டுபோயிருந்தான். சிமியோன் வாசலில் நின்று இந்தக் கத்தியைக் கேட்டான், கனகாம்பிகை எடுத்துக் கொடுத்தாள். பொழுதுபடக் கத்தி திரும்பி வந்தது.

செத்தவீட்டால் வந்த மனிசன் விசயத்தைக் கேட்டதும் குளிக்கக்கூட இல்லை.

"ஏன் குடுத்தனீ? என்னைக் கேட்டனியோ?"

"வெட்டிப்போட்டுத் தந்திட்டுதுதானே அந்தப் பொடியன். விழுங்கியே போட்டுது?"

கத்தியை விரித்தார். 'டக்' என்ற சத்தம் வரவில்லை. வழுவழுவென்று விரிந்தது. அலகில் நீலம் இல்லை. வெள்ளையாக, புதுசுமாதிரி இருந்தது. பிடியில் அடித்திருந்த ஆணியின் தலை மினுங்கியது. தம்பிஐயா நாலைந்து தரம் விரித்து மடக்கிப் பார்த்தார்.

விடியத் தோட்டத்தில் முதல் நாலைந்து கன்று நன்றாய்த்தான் வெட்டுப்பட்டது. அதன்பிறகு அலகு வழுக்கத் தொடங்கியது. தண்டு நசிந்து நார் நாராய்க் கிழிந்தது. செத்தவீட்டுக்கு முதல் நாளும் அழுத்தித்தான் வெட்டவேண்டியிருந்தது, தண்டு முத்திவிட்டது என்று அன்றைக்கு நினைத்திருந்தார். அந்த நினைப்பு இப்போது அவருக்கு வரவில்லை. வரவிடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். நீலமில்லாத அலகு, மினுங்குகிற ஆணி, மாறிய சத்தம். இதற்குமேல் என்ன வேண்டும்?

அடுத்த நாள் சங்கக்கடையில் பங்கீட்டுச் சீனி கொடுத்தார்கள். வரிசை றோட்டுவரைக்கும் நின்றது. தம்பிஐயா நேரே சிமியோனிடம் போனார்.

"என்ரை அலகு எங்கையடா?"

"என்ன அலகண்ணை?"

"நடிக்காதை. ஆணியைக் கழட்டி என்ரை ஜேர்மன் அலகை எடுத்துப்போட்டு, தகரத்தைப் பூட்டித் தந்திருக்கிறாய்."

"ஐயோ அண்ணை, நான் துடைச்சு..."

"என்னத்தைத் துடைச்சனீ? என்ரை உருக்கைத் துடைச்செடுத்தனீ!"

வரிசை சிரித்தது. முருகேசுவுக்கு அது காணாதா? "மீனிலை செட்டை கழட்டின கையெல்லோ. அலகு கழட்டுறது பெரிய வேலையே?" என்றான். சனம் இன்னும் சிரித்தது. இராசாத்தி சீனிக்குக் கொண்டுவந்த பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

சிமியோன் மடியில் இருந்த தன் கத்தியை எடுத்துத் தம்பிஐயாவின் கையில் வைத்தான்.

"என்னட்டை இருக்கிறது இந்த ஒரு கத்திதான் ஐயா. உங்கடை அலகு என்னட்டை இருந்தால் இதுக்குள்ளைதான் இருக்கவேணும். வைச்சிருங்கோ."

அண்ணை என்று கூப்பிட்டது அதோடு நின்றது. சீனி வாங்காமலே இரண்டு பேரும் வரிசையை விட்டுப் போனார்கள். கிழமை முடிய முதல் கொட்டில் வெறுமையானது. சில்லாலைக் கோயில் வளவில் யாரோ இடம் கொடுத்ததாகக் கதை வந்தது. கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்கி, கனகாம்பிகையிடம் இரவல் வாங்கிய செப்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கிப் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள் இராசாத்தி. கொடுக்கும்போது கறுத்துக் கிடந்த குடம். கனகாம்பிகை அதைத் தூக்கிக்கொண்டு கனநேரம் நின்றாள். தம்பிஐயா பார்க்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. சிமியோனின் கத்தியால் பாக்குச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாய் வெட்டியது.

"பாத்தியே! இது பெருநாள் கடைச் சாமான் வெட்டுற வெட்டே? என்ரை அலகுதான். அராவிச் சின்னனாக்கித் தன்ரை பிடிக்குள்ளை வைச்சிருக்கிறான் கள்ளன்."

கனகாம்பிகை குடத்தோடு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அந்த வருடம் முழுக்க அந்தக் கத்தி பாக்குச் சீவியது, இலை அரிந்தது, கயிறு அறுத்தது. மழுங்கினால் கிணற்றடிக் கல்லில் அவரே இரண்டு இழுவை இழுத்தார். ஜேர்மன் உருக்கைத் தீட்டத் தேவையில்லையென்று சொன்ன வாய் அப்போது எங்கே போனதோ தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் கத்தி மீட்ட கதை சொன்னார். கதை சொல்லச் சொல்ல வளர்ந்தது.

மறுபடி வெட்டுக் காலம் வந்தது. மண்ணெண்ணெய் வரவில்லை. பிசின் வந்தது. தம்பிஐயா வழக்கம்போலத் தணலுக்குள் வைத்தார். மூன்றாம் நாள் பின்னேரம் குசினிக்குள் இருந்து ஒரு சத்தம்.

"கனகம்! ஓடி வா! நீலம் வருகுது! நான் சொன்னன், ஒருதரும் நம்பேல்லை. பாரடி, என்ரை அலகு!"

கனகாம்பிகை பார்த்தாள். நீலம்தான். மயிலின் கழுத்து மாதிரி.

மறுநாள் விடியக் கத்தி வெட்டவில்லை.

முதலில் தண்டு முத்திவிட்டது என்று நினைத்தார். அடுத்த நிரைக்குப் போனார். அங்கேயும் நசிந்தது. வரம்பில் குந்தியிருந்து அலகின் கூரைப் பார்த்தார், ஈயம்போல ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. போன வருடம் மற்றக் கத்தி மடிந்தமாதிரியே. வீட்டுக்கு வந்து கல்லில் தேய்த்துத் திரும்பப் போனார். நாலைந்து கன்று வெட்டியது. பிறகு மடிந்தது.

சோறு கொண்டுவந்த கனகாம்பிகை அவர் மடியில் இரண்டு கத்தியும் விரிந்து கிடந்ததைப் பார்த்தாள்.

"ஏன், இதுவும் வெட்டேல்லையோ?"

"இல்லை."

"இதை ஆர் மாத்தினது?"

அவர் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் விடவில்லை. ஒரு வருடம் அடக்கி வைத்திருந்தாள்.

"அதுகள் குடத்தை விளக்கித் தந்ததுகளப்பா. இரவல் வாங்கினால் துப்புரவாக்கித்தான் குடுக்கிறது அதுகளின்ரை வழமை. கத்தியையும் அப்பிடித்தான் தேய்ச்சுத் தீட்டி எண்ணெய் பூசித் தந்திருக்குது அந்தப் பொடியன். நீலம் போனது அதாலை. அப்ப என்ரை குடத்தையும் மாத்திப்போட்டுதுகளோ? கேளுங்கோ போய், குடத்தையும் கேளுங்கோ."

சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் தின்னவில்லை. வெயில் ஏறியும் அந்த வரம்பிலேயே இருந்தார். முருகேசு அந்தப் பக்கம் வருவதைக் கண்டதும் இரண்டு கத்தியையும் சாரத்துக்குள் மறைத்தார். களவெடுத்தவன் மறைக்கிறமாதிரி.

சில நாள், இரண்டு கத்தியையும் கிணற்றுக்குள் போட்டுவிட்டு மறந்துவிடலாமோ என்று பார்த்தார். முடியவில்லை. பாக்கு வெட்டமுடியாமல் வெற்றிலையை மட்டும் சப்பினார். கொட்டில் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினார். கடைசியில் ஒரு நாள் ஒரு கட்டுப் புகையிலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சில்லாலைக்குப் போனார். கோயிலடியைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போய்த்தான் இறங்கினார்.

சிமியோன் வேப்பமர நிழலில் ஆருடையதோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கையில் ஒரு சின்னக் கத்தி. மரம் அரிகிற வாளின் முறிந்த துண்டை மடக்குகிறமாதிரிப் பூவரசம் பிடிக்குள் ஆணியடித்துத் தானே செய்தது.

"இருங்கோ ஐயா."

இராசாத்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு முகம் பாராமல் போனாள். தம்பிஐயா புகையிலைக் கட்டை முன்னால் தள்ளினார். சிமியோன் அதைத் தொடவில்லை.

"கத்தி பழுதாப் போச்சுது" என்றார்.

"எது?"

"ரெண்டும்."

சிமியோன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் தம்பிஐயா சின்னப் பிள்ளைமாதிரி நிலத்தைக் கிண்டினார்.

"நான்தான் சுட்டனான். பிசின் போகட்டுமெண்டு தணலுக்குள்ளை வைச்சனான். உம்மடையையும் வைச்சனான். சூட்டிலை உருக்கின்ரை பதம் போச்சுது."

"நீலமாய்க் கிடந்தது அதாலையோ?" சிமியோன் வலையைக் கீழே வைத்தான். "நான் ஏதோ கறையெண்டு நினைச்சன் ஐயா. கறையோடை குடுத்தால் நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டு கை நோக நோகத் தேய்ச்சனான்."

தம்பிஐயா தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

"நான் பிழை விட்டிட்டன் சிமியோன்."

"இஞ்சை ஒருதரும் என்னைக் கள்ளனெண்டு சொல்லேல்லை. இஞ்சை வந்து சொல்லி என்ன? அங்கை வரிசையிலை சொன்னனீங்கள். உங்கடை ஊர்ப் பக்கம் இப்ப ஒருதரும் என்னைக் கூலிக்குக் கூப்பிடுகினமில்லை. நானாய் வேலை கேட்டுப் போனாலும் கோடாலியை எடுத்து உள்ளுக்கை வைக்கினம். அங்கை சொல்லுங்கோ."

"சொல்லுறன். நீரும் வாரும்."

சங்கக்கடையில் சாமான் கொடுக்கிற நாள் வந்தது. தம்பிஐயாவுக்கு வரிசையில் முன்னிடம் கிடைத்திருந்தது. சிமியோன் சொன்னபடி வந்து கடைசியில் நின்றான். அவனைக் கண்டதும் அவனுக்கு முன்னால் நின்ற மனிசி பையை மற்றக் கைக்கு மாற்றினாள். தம்பிஐயா அதைக் கண்டார்.  வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னார்.

"எல்லாரும் கேளுங்கோ. போன வரியம் இந்த இடத்திலை நான் சிமியோனைக் கள்ளனெண்டு சொன்னனான். அவன் என்ரை அலகை மாத்தேல்லை. நான்தான் சுட்டுப் பழுதாக்கினது."

 முருகேசு சிரித்தான்.

"தம்பிஐயாண்ணைக்கு மனம் இளகிப்போச்சு. கள்ளனை மன்னிச்சிட்டார்."

"பாவம், நல்ல மனிசன்" என்றாள் ஒரு மனிசி.

"மன்னிக்கேல்லையடா! களவே நடக்கேல்லை!"

"ஓமோம், விடுங்கோ. வயது போகேக்கை புண்ணியம் தேடத்தானே வேணும். அந்தக் கத்தி மீட்ட கதையை நீங்களே எத்தினை தரம் சொன்னனீங்கள்."

பொய் சொன்ன அன்றைக்கு ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்ல, அவரை நல்லவனாக்குகிறார்கள். தம்பிஐயாவுக்குக் காது இரண்டும் எரிந்தது.

"உன்ரை கத்தியைத் தா முருகேசு. உதிலை இருக்கிற தேத்தண்ணிக் கடை அடுப்பிலை சுட்டுக் காட்டுறன். பிறகு வெட்டிப் பார்."

முருகேசு மடியைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, உங்களட்டைக் கத்தி தந்தால் நாளைக்கு நான் கள்ளன்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சீனி நிறுக்கிறவனும் தராசை விட்டுவிட்டுச் சிரித்தான். தம்பிஐயா சுற்றிப் பார்த்தார். மடியில் கத்தியோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் நீட்டவில்லை.

கடைசியில் நின்ற சிமியோன் நடந்து வந்தான். பூவரசம் பிடிக் கத்தியை விரித்தான். வேலியோரம் கிடந்த பனை மட்டையை எடுத்து ஒரு சீவல் சீவினான். சுருள் சுருளாய் விழுந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பிறகு கத்தியைத் தம்பிஐயாவிடம் நீட்டினான்.

"இதைச் சுடுங்கோ."

"வேண்டாம் சிமியோன். உமக்கு வேறை கத்தி..."

"சுடுங்கோ ஐயா."

தம்பிஐயா வாங்கினார். தேத்தண்ணிக் கடை அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணிக் கடைக்காரன் கேத்திலைத் தூக்கி வைத்துவிட்டு விலகி நின்றான். சிரட்டைக் கரித் தணலுக்குள் அலகு கிடந்தது. முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு அந்த நீலம். ஒரு காலத்தில் அவர் ஊருக்குக் காட்டித் திரிந்த நீலம். இப்போது அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. நீலமும் போய்ச் சாம்பல் நிறம் வந்தபிறகு எடுத்து, மண்ணில் போட்டு ஆறவிட்டு, முருகேசுவின் கையில் கொடுத்தார்.

முருகேசு அதே மட்டையைச் சீவினான். இரண்டு சீவல் வந்தது. மூன்றாவதில் அலகு வழுக்கியது. அழுத்தினான். கூர் மடிந்தது. பெருவிரலால் தடவிப் பார்த்தான்.  கத்தியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். அவன் மற்றவனிடம் கொடுத்தான். அது வரிசை நெடுகக் கைமாறிக் கடைசியில் சிமியோனிடம் வந்து சேர்ந்தது.

சிமியோன் அலகைச் சாரத்தில் துடைத்தான். மடித்தான். மடியில் வைத்துக்கொண்டு தன் பழைய இடத்தில், அந்த மனிசிக்குப் பின்னால் போய் நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். பையை இந்த முறை அசைக்கவில்லை.

"தம்பிஐயாண்ணை, உங்கடை முறை" என்றான் சீனி நிறுக்கிறவன்.

தம்பிஐயா கேட்காததுபோல இருந்தார். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு வரிசை நெடுக நடந்து வந்து, சிமியோனுக்குப் பின்னால் நின்றார். அவன் திரும்பவில்லை.  வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வரிசை மெல்ல மெல்ல நகர்ந்தது.